நகைச்சுவை நடிகரின் திடீர் மரணமும் ரசிகரின் துக்கமும்

மக்களுக்குப் பிரியமான ஒரு நகைச்சுவை நடிகர் திடீரென்று இறந்துபோனால், அடுத்து வரும் சில வாரங்களில் மனநல ஆலோசனைக்கு வருகிறவர்களின் பேச்சில் அவர் பெயர் அடிபடத் தொடங்கிவிடும். தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்று வேறு ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் எதிரே உட்காருவார்கள். எப்போதிருந்து என்று கேட்டால் கொஞ்சம் தயங்கி, கூட வந்தவரின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "அவரு செத்துப் போனாருல்லீங்க, அதுலிருந்துங்க" என்பார்கள். கூட வந்தவர் உடனே, "நம்ம சொந்தமா, பந்தமா? சினிமாக்காரருக்குப் போயி இப்படி ஒடஞ்சு போனா என்னங்க பண்றது டாக்டர்?" என்று என்னிடம் நியாயம் கேட்பார். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களிலிருந்து வரும் குடும்பங்களில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தத் துக்கம் உண்மையானது என்பதையும், வீட்டார் அதை அலட்சியம் செய்யச் செய்ய அது உள்ளுக்குள் இறுகிப்போகிறது என்பதையும் விளக்கவே இதை எழுதுகிறேன்.

2021 ஏப்ரல் 16 அன்று மாரடைப்புடன் சென்னையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட விவேக், மறுநாள் அதிகாலையில் 59 வயதில் இறந்தார். முந்தைய நாள்வரை தொலைக்காட்சியில் நின்று பேசிக்கொண்டிருந்தவர் அவர். சத்தியமங்கலத்துக்காரரான மயில்சாமி, 2023 பிப்ரவரியில் மகாசிவராத்திரி இரவு முழுவதும் கோயிலில் கண் விழித்துவிட்டு வந்தவர், 19ஆம் தேதி அதிகாலை 57 வயதில் போய்விட்டார். 2025 செப்டம்பர் 18 அன்று ரோபோ சங்கர் இறந்தபோது அவருக்கு வயது 46. தாராபுரத்து நாகேஷ் 2009 ஜனவரி 31 அன்று இறந்தபோதும் இந்தப் பகுதி மக்கள் வருந்தினார்கள். ஆனால் அவருக்கு 75 வயது ஆகியிருந்தது, உடல்நலக் குறைவு பற்றிய செய்திகளும் முன்பே வந்துகொண்டிருந்தன. ஒருவர் நோயில் கிடந்து தளர்வதைக் கேள்விப்படும்போது மனம் தன்னையறியாமலேயே சிறிது சிறிதாக விடைகொடுக்கத் தொடங்கிவிடுகிறது. திடீர் மரணத்தில் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. அதிலும் நகைச்சுவை நடிகர்கள் இறந்துவிட்டதாக வதந்தி பரப்புவது நம்மிடையே வாடிக்கையாகிவிட்டது. உடுமலைப் பக்கத்திலிருந்து போன கவுண்டமணியைப் பற்றி எத்தனை முறை அப்படிப் பொய்ச் செய்தி வந்திருக்கிறது! ஆகவே முதல் செய்தி வரும்போது, "இதுவும் பொய்யாத்தான் இருக்கும்" என்று மனம் அடம்பிடிக்கிறது. பிறகு உண்மை என்று உறுதியாகும் நொடியில், அந்தச் செய்தியை எங்கே நின்று, யாரோடு பேசிக்கொண்டிருந்தபோது கேட்டோம் என்பதுகூட நினைவில் பதிந்துவிடுகிறது.

நேரில் ஒருமுறைகூடச் சந்திக்காத ஒருவரிடம் இவ்வளவு நெருக்கம் எப்படி வருகிறது? திரையிலும் வானொலியிலும் தோன்றுகிறவர்களோடு மக்கள் கொள்ளும் ஒருவழி உறவைப் பற்றி டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு ஆய்வாளர்கள் 1956ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதினார்கள். ஒரு முகத்தையும் குரலையும் ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள் பார்த்துக் கேட்டுப் பழகும்போது, பழக்கமான மனிதர்களுக்கு மனம் ஒதுக்கும் இடத்தில் அந்த முகத்துக்கும் ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. பைத்தியக்காரத்தனம் என்று இதை ஒதுக்க முடியாது. மனித மூளை இயல்பாகச் செய்கிற வேலை இது.

கதாநாயகரை நாம் அண்ணாந்து பார்க்கிறோம். நகைச்சுவை நடிகரோ கடன் வாங்கி அடிபடுகிறார், மாமியார் வீட்டில் அவமானப்படுகிறார், பேருந்தில் சில்லறைக்குச் சண்டை போடுகிறார். நம் வீட்டில் நடப்பதெல்லாம் அவருக்கு நடக்கிறது. அவர் பேசிய வசனங்கள் நம் வீட்டுப் பேச்சாகவே மாறிவிடுகின்றன. அண்ணன் தம்பிக்குள் ஒரு வசனத்தின் முதல் பாதியைச் சொன்னால் போதும், மறுபாதி தானாக வரும். சிரிப்பு பெரும்பாலும் தனியே வருவதும் இல்லை. மனிதர்கள் தனியாக இருப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது ஏறத்தாழ 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று ராபர்ட் புரோவைன் என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். கூடிச் சிரித்த பிறகு வலியைத் தாங்கும் திறன் கூடுகிறது என்று ராபின் டன்பாரும் அவருடைய குழுவினரும் 2011இல் காட்டினார்கள். உடலுக்குள் சுரக்கும் எண்டார்ஃபின் என்ற வேதிப்பொருளே அதற்குக் காரணம் என்பது அவர்கள் கருத்து. ஆக, ஒரு நகைச்சுவை நடிகரை நினைக்கும்போது அவரோடு சேர்த்து, நம் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தவர்களையும் நாம் நினைக்கிறோம். துக்கத்தின் ஆழம் எங்கிருந்து வருகிறது என்று என்னைக் கேட்டால், முதலில் இதைத்தான் சொல்வேன்.

அவிநாசிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்யும் ஒரு பெண்மணி வந்திருந்தார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருடைய கணவர் விசைத்தறி ஓட்டியவர். சாலை விபத்தில் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போது அடக்கம், காப்பீட்டுப் பணத்துக்கான அலைச்சல், மகளின் பள்ளிக் கட்டணம், கைமாற்றுக் கடன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்ததில் இவருக்கு அழ நேரமே இருக்கவில்லை. "கல்லாட்ட நின்னா பாரு" என்று சொந்தக்காரர்கள் மெச்சிக்கொண்டார்கள். விவேக் இறந்த அன்று தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அழத் தொடங்கியிருக்கிறார். அழுகை நின்றபாடில்லை. ஒரு வாரம் கம்பெனிக்குப் போகவில்லை. "வூட்டுக்காரரு போனப்பக்கூட நான் இப்படி அழுவுலீங்க, இப்ப எதுக்கு அழுவறேன்னு எனக்கே தெரியலீங்க" என்றார்.

அவரோடு கணவர் எப்படிச் சாப்பிடுவார் என்பதைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். ராத்திரி தறி நிறுத்திவிட்டு வந்து, கை கால் கழுவி, சிரிப்புச் சேனலை வைத்துவிட்டுத் தட்டின் முன் உட்காருவாராம். விவேக் பேசப்போகும் வசனம் வருவதற்கு ஒரு நொடி முன்னால், வாய்க்குக் கொண்டுபோன சோற்றை அப்படியே நிறுத்தி, அந்த வசனத்தைத் தானே சொல்லிவிட்டு மனைவியின் முகத்தைப் பார்ப்பாராம். அவர் சிரித்த பிறகுதான் அந்தக் கவளம் உள்ளே போகும். கணவர் போன பின்பும் இந்தப் பெண்மணி அதே நேரத்தில் அதே சேனலை வைத்துவிட்டுத்தான் சாப்பிட்டு வந்திருக்கிறார். விவேக்கும் போனபோது, அதுவரை மூடியே கிடந்த பழைய துக்கம் மடை திறந்ததுபோல் வெளியே வந்துவிட்டது. அந்த அழுகையில் ஒரு பங்கு நடிகருக்கு, பெரும் பங்கு கணவருக்கு. இரண்டையும் பிரித்துக் காட்டி, கணவருக்காக அழ அவருக்கு இடம் கொடுத்ததுதான் சிகிச்சையின் முக்கியப் பகுதி. அதற்குப் பல வாரங்கள் ஆயின.

வீட்டில் ஒருவர் இறந்தால் நம் ஊரில் செய்ய வேண்டியவை தாமாக நடக்கின்றன. சொந்தங்களுக்குத் தகவல் போகிறது, வாசலில் பந்தல் போடுகிறார்கள், எழவுக்கு வருகிறவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள், கருமாதி முடியும்வரை யாராவது பக்கத்தில் இருக்கிறார்கள். அழுவதற்கு ஊரே உரிமை கொடுக்கிறது. ரசிகரின் துக்கத்துக்கு இதில் எதுவுமே கிடையாது. அமெரிக்க அறிஞர் கென்னத் டோகா 1989இல், சமூகம் ஏற்றுக்கொள்ளாத துக்கம் எப்படித் தீராமல் தங்கிவிடுகிறது என்பதைப் பற்றி எழுதினார். ரசிகர்களின் நிலைக்கு அது அப்படியே பொருந்துகிறது. அழுகிறவர் முதலில் வருந்துகிறார், பிறகு வருந்துவதற்காக வெட்கப்படுகிறார், பிறகு இரண்டையும் மறைக்கிறார். பிள்ளைகள் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கும் பெரியவர்களை எண்ணிப் பாருங்கள். பகலெல்லாம் அவர்கள் வீட்டில் கேட்கும் மனிதக் குரலே தொலைக்காட்சியிலிருந்து வருவதுதான். அந்தக் குரல்களில் ஒன்று நின்றுபோனால் அவர்களுக்கு அது சின்ன இழப்பு ஆகாது. "அப்பாவுக்கு வயசாயிடுச்சு, எதுக்கெடுத்தாலும் அழறாருங்க" என்று போனில் சொல்லிவிட்டு விடுகிற மகன்களும் மகள்களும் அந்த வாரத்தில் ஒருமுறை நேரில் வந்துபோக வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்கிறேன்.

நடுத்தர வயது ஆண்களிடம் இதே துக்கம் பெரும்பாலும் பயமாக வெளிப்படுகிறது. "அவருக்கே 57தானுங்க, எனக்கு 52 ஆச்சு" என்று வயதைக் கணக்குப் போடத் தொடங்குகிறார்கள். இரவு படுத்ததும் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கிறார்கள். 2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பால் இறந்தபோது, பெங்களூரின் இதய மருத்துவமனைகளில் பரிசோதனைக்காக மக்கள் திரண்டார்கள். முறையான பரிசோதனை ஒன்றைச் செய்துகொள்வது நல்லதுதான். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருக்கிறதா என்று பார்த்ததே இல்லாத எத்தனையோ தறிக்காரர்களும் வியாபாரிகளும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் ஈசிஜியும் எக்கோவும் சரியாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகும், வாரத்துக்கு ஒரு மருத்துவமனை ஏறி இறங்கினால், அங்கே சிகிச்சை தேவைப்படுவது பயத்துக்கு. அதேசமயம், நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை வந்தால், மனப் படபடப்புதான் என்று தானே முடிவு செய்துகொண்டு வீட்டில் உட்காரக் கூடாது. உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

திடீர் மரணத்துக்கு ஒரு காரணம் கிடைத்தாக வேண்டும் என்று மனம் தவிப்பதையும் 2021இல் கண்கூடாகப் பார்த்தோம். விவேக் ஏப்ரல் 15 அன்று கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார், மறுநாள் மாரடைப்பு. இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்தது என்று மருத்துவர்கள் விளக்கினார்கள். தடுப்பூசிப் பின்விளைவுகளை ஆராயும் தேசியக் குழுவும் ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்றே பின்னர் முடிவு செய்தது. ஆனாலும் அந்த வாரங்களில், இரண்டாம் அலை உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, "ஊசி வேண்டாமுங்க" என்று திரும்பிப் போனவர்கள் பலர். அவர்களைப் படிக்காதவர்கள் என்று ஏசுவது எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் துக்கத்தில் இருந்தார்கள்; துக்கத்தில் இருப்பவருக்கு விளக்கம் சொல்வதற்கு முன்னால் அவருடைய துக்கத்தைக் கேட்க வேண்டும்.

ரசிகர்களை உறுத்தும் இன்னொன்றும் உண்டு. விவேக் 2015இல் தன் பதின்ம வயது மகனை இழந்தவர். அதற்குப் பிறகும் அவர் நடித்தார், மேடையேறினார், மரம் நட்டார். "இவ்வளவு சோகத்தை வெச்சுக்கிட்டா நம்மளச் சிரிக்க வெச்சாரு" என்று கேட்டு, அதுவரை சிரித்ததற்கே குற்றவுணர்வு கொண்டவர்களை, முக்கியமாகப் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரை, நான் சந்தித்திருக்கிறேன். சிரிக்க வைப்பவர்கள் எல்லாரும் உள்ளுக்குள் அழுகிறவர்கள் என்ற பொதுவான பேச்சை நான் ஏற்பதில்லை. அவர் துக்கமும் பட்டார், தொழிலையும் நேசித்தார். ஒரு மனிதருக்குள் இரண்டும் சேர்ந்தே இருக்க முடியும் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

வீட்டார் செய்யக்கூடியது எளிமையானது. "அவரோட எந்த காமெடி உனக்கு ரொம்பப் பிடிக்கும்? யாரு கூட உக்காந்து பார்த்த?" என்று கேளுங்கள், பேச விடுங்கள். இறுதி ஊர்வல நேரலையையும், மருத்துவமனை வாசலில் எடுத்த படங்களையும், வாட்ஸ்அப்பில் சுற்றும் கடைசி வீடியோக்களையும் மணிக்கணக்கில் பார்ப்பது துக்கத்தை ஆற்றுவதில்லை. குழந்தைகள் இருக்கும் அறையில் அதை நிறுத்திவிடுவது நல்லது. குழந்தை கேட்டால், "இறந்துட்டாரு, இனிமே புதுசா நடிக்க மாட்டாரு, பழைய படத்துல பார்க்கலாம்" என்று நேராகச் சொல்லலாம். தூங்குகிறார், ஊருக்குப் போயிருக்கிறார் என்றெல்லாம் சொன்னால் பிள்ளைக்குத் தூக்கத்தின் மீதே பயம் வந்துவிடும். சிலர் அவருடைய காட்சிகளை மாதக்கணக்கில் பார்க்க மாட்டார்கள், சிலர் அதையே திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள், இரண்டிலும் தவறில்லை. கையால் ஏதாவது செய்வது பலருக்கு உதவுகிறது. விவேக் ஒரு கோடி மரக்கன்றுகள் நட வேண்டும் என்ற இலக்கோடு 33 லட்சத்துக்கும் மேல் நட்டிருந்தார். அவர் மறைந்தபின் ஊர் ஊராக இளைஞர்கள் கன்று நட்டது வெறும் விளம்பரம் என்று சிலர் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பந்தலும் கருமாதியும் இல்லாத ஒரு துக்கத்துக்கு அந்த இளைஞர்கள் தாங்களே ஒரு சடங்கை உண்டாக்கிக்கொண்டார்கள்.

பெரும்பாலானவர்களுக்குச் சில நாட்களில், அல்லது இரண்டொரு வாரங்களில் பாரம் குறைந்துவிடும். இரண்டு வாரங்களுக்கு மேலும் தூக்கமும் பசியும் திரும்பாமல், வேலைக்குப் போக முடியாமல், எதிலும் விருப்பமில்லாமல் இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். முன்பே மனச்சோர்வு இருந்தவர்கள், அண்மையில் வீட்டில் ஒருவரை இழந்தவர்கள், தனியே வாழ்பவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். "நானும் போயிடலாம்னு தோணுது" என்று யாராவது சொன்னால், அதை ஒரு பேச்சாக எண்ணி விட்டுவிடாமல், அவரைத் தனியே விடாமல், அன்றே உதவி தேட வேண்டும். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.