இதயம் கடிகாரமாகும்போது

நலமாக இருப்பவரின் இதயம் கடிகாரம் போலத் துடிப்பதில்லை. மூச்சை உள்ளிழுக்கும்போது சற்று விரைந்து, வெளிவிடும்போது தணிகிறது; மூளையிலிருந்து வந்து துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பு கணந்தோறும் கடிவாளத்தை இழுத்தும் தளர்த்தியும் வருவதன் அடையாளம் அது. நோய்த்தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினை காட்டும் செப்சிஸ் நிலையிலோ, துடிப்பு வேகமெடுப்பதோடு இந்த ஏற்ற இறக்கமும் ஒடுங்கிவிடுகிறது.

ஈ.கோலை போன்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் லிப்போபாலிசாக்கரைடு என்ற மூலக்கூறு உள்ளது. செப்சிஸைத் தூண்டவல்ல, எண்டோடாக்சின் எனப்படும் நஞ்சு இதுதான். பாக்டீரியா சிதையும்போது வெளிப்படும் இதை, நம் வெள்ளணுக்கள் டி.எல்.ஆர்.4 என்ற ஏற்பியைக் கொண்டு இனங்காண்கின்றன. எலிகளில் இதை 1998-இல் நிறுவிய புரூஸ் பாய்ட்லர், 2011-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நஞ்சு என்று பெயரே தவிர, சேதத்தின் பெரும்பகுதி நம் உடலின் எதிர்வினையால்தான் விளைகிறது.

அந்த எதிர்வினையின் முக்கியக் கருவி நைட்ரிக் ஆக்சைடு. வழக்கமாக இரத்தக் குழாய்களின் உட்படலம் இவ்வாயுவைச் சிறிதளவே சுரந்து குழாயைத் தளர்த்துகிறது. எண்டோடாக்சின் தூண்டும்போது வேறொரு நொதி புதிதாக உருவாகி, மணிக்கணக்கில் இதை ஏராளமாக உற்பத்தி செய்கிறது. குழாய்கள் அகன்று இரத்த அழுத்தம் சரிய, அதை ஈடுகட்ட இதயம் விரைகிறது. ஆனால் அதே வாயு, கால்சியத்துக்கு இதயத் தசையிழைகள் இணங்கும் தன்மையைக் குறைப்பதால், ஒவ்வொரு துடிப்பின் வலிமையும் தளர்கிறது.

துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவில் கதை இன்னும் சிக்கலானது. அங்குள்ள செல்களைத் தாமாகவே மின்னூட்டம் பெறச் செய்யும் மின்னோட்டத்துக்கு, அதன் விசித்திரப் போக்கைக் கண்ட உடலியலாளர்கள் ‘வேடிக்கை மின்னோட்டம்’ என்றே பெயரிட்டனர். நைட்ரிக் ஆக்சைடு இதை முடுக்கக்கூடியது. எண்டோடாக்சினோ, மனித இதய மேலறைச் செல்களில் செய்த சோதனைகளின்படி, இதே ஓட்டத்தை நேரடியாகத் தடுக்கிறது. போதாக்குறைக்கு, நைட்ரிக் ஆக்சைடு வேகஸ் நரம்பின் கைக்கும் வலுச்சேர்ப்பதுண்டு. ஆகவே அதை முடுக்கி என்றோ தடை என்றோ ஒற்றைச் சொல்லில் அடக்க முடியாது.

அப்படியானால் அதன் உற்பத்தியையே நிறுத்திவிடலாமே என்று தோன்றும். செப்சிஸ் முற்றி இரத்த அழுத்தம் அபாயகரமாகச் சரியும் செப்டிக் அதிர்ச்சிக்குள்ளான 797 நோயாளிகளிடம் அவ்வாறு ஒரு மருந்து சோதிக்கப்பட்டு, 2004-இல் முடிவுகள் வெளியாயின. இரத்த அழுத்தம் எதிர்பார்த்தபடியே உயர்ந்தது. ஆயினும் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் மருந்து பெற்ற குழுவில் 59 விழுக்காடு, பெறாத குழுவில் 49 விழுக்காடு. சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது.