இரும்புப் பற்றாக்குறை வேறு, இரத்தசோகை வேறு

குறைமாதக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியை இரத்தசோகை பாதிக்கிறது என்று எழுதாத குழந்தைநலக் கட்டுரையே இல்லை போலிருக்கிறது. மூலத்தைத் தேடிப் பார்த்தால் அங்கே பேசப்படுவது இரும்பு. தமிழுக்கு வரும் வழியில் இரும்பு காணாமல் போய், அதன் இடத்தில் இரத்தசோகை வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரண்டும் ஒன்றுதானே, எதற்கு இந்த நுணுக்கம் என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சொல் வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இரத்தசோகையை ஆங்கிலத்தில் குறிக்கும் அனீமியா கிரேக்கச் சொல். 'இரத்தமின்மை' என்பது அதன் நேர்ப்பொருள். நம் மருத்துவ மரபில் பாண்டு, சோகை என்ற இரு பெயர்கள் முன்பே இருந்தன. பாண்டு வெளுப்பைச் சொல்லும் வடசொல். சோகை, வெளுப்போடு உடல் ஊதிப்போவதையும் சேர்த்துக் குறித்தது. இரண்டும் கண்ணால் பார்த்து வைத்த பெயர்கள். சோகைக்கு முன்னால் இரத்தத்தைச் சேர்த்துக்கொண்டது இன்றைய வழக்கு. இரும்புக்கோ நிகண்டுகளில் கரும்பொன் என்ற அழகான பெயரும் உண்டு. அதை இன்று மருந்துச் சீட்டில் எழுதச் சொல்ல மாட்டேன்.

தூய தமிழ் அன்பர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். இரத்தம் வடசொல், ஆகவே 'குருதிச்சோகை' என்று எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர்கள் கட்சி. குருதி நல்ல சொல்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் இரும்பைப் பற்றிய வாக்கியத்தில் குருதியைக் கொண்டுவந்தாலும் இரத்தத்தைக் கொண்டுவந்தாலும் பிழை ஒன்றே. பிழை வேர்ச்சொல்லில் இல்லை, பொருளில் இருக்கிறது. 'குருதியின்மை' என்று கிரேக்கத்தை அப்படியே பெயர்ப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். குருதியே இல்லாத குழந்தை எப்படி உயிரோடு இருக்கும் என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

பொருள் எங்கே பிரிகிறது என்று பார்ப்போம். உடலில் இரும்பு போதாமல் போனால், இருப்பதைச் சிவப்பணுக்களே முதலில் எடுத்துக்கொள்கின்றன. கல்லீரலின் சேமிப்பு கரைகிறது. தசை, இதயம், மூளை ஆகியவற்றின் பங்கும் குறைகிறது. சிவப்பணுக்களில் உள்ள இரும்பு கலந்த புரதமான ஹீமோகுளோபின் கடைசியில்தான் இறங்கும். அது இறங்குவதைத்தான் இரத்தசோகை என்கிறோம். அதாவது, குழந்தைக்கு இரத்தசோகை என்று பரிசோதனை சொல்லும் நேரத்தில் மூளை ஏற்கெனவே இரும்புக்கு ஏங்கத் தொடங்கியிருக்கலாம். அந்த நேரத்தில் மூளை சும்மாவும் இருப்பதில்லை. நரம்பிழைகளைச் சுற்றி மையலின் என்னும் காப்பு உறை போடும் உயிரணுக்களுக்கு இரும்பு வேண்டும். மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருட்களான டோபமைன், செரோடோனின் ஆகியவற்றை உருவாக்கும் நொதிகளுக்கும் வேண்டும். நினைவுக்குப் பொறுப்பான மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸ் வேகமாக வளரும் பருவம் அது. அந்த வளர்ச்சிக்கான ஆற்றலைத் தயாரிப்பதற்கும் இரும்பு வேண்டும். இத்தனையையும் 'இரத்தசோகை' என்ற சொல்லுக்குள் அடைத்துவிட்டால், ஹீமோகுளோபின் எண் நன்றாக இருக்கிறது, கவலையில்லை என்று பெற்றோர் நிம்மதியடைவார்கள். மொழிபெயர்ப்பாளர் செய்த உபகாரம் அது.

மறுபக்கமும் உண்டு. 37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்த குழந்தைகளுக்குச் சில வாரங்களில் வரும் இரத்தசோகைக்கு முதன்மைக் காரணம் இரும்பே அல்ல. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோன் போதிய அளவில் சுரக்காததுதான். பல முறை இரத்தம் ஏற்றப்பட்ட குழந்தையின் உடலில் இரும்பு தேவைக்கு மேலேயே சேர்ந்திருக்கக்கூடும். ஆக, இரும்பு குறைந்தும் சோகை இல்லாமல் இருக்கலாம், சோகை இருந்தும் இரும்பு குறையாமல் இருக்கலாம். இதற்கு மேலும் இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டுவது சோம்பல்.

அப்படியானால் எது சரியான சொல்? 'இரும்புச்சத்துக் குறைபாடு' பரவலாக இருக்கிறது. பெரியவர்களைப் பற்றிய கட்டுரையில் இருந்துவிட்டுப் போகட்டும். பச்சிளங்குழந்தையைப் பற்றி எழுதும்போது எனக்கு அது உறுத்துகிறது. 'பிறவிக் குறைபாடு' என்ற தொடர் நன்றாக ஊன்றிவிட்ட மொழியில், 'மூளையில் குறைபாடு' என்று படிக்கும் தாய் வேறு எதையோ புரிந்துகொண்டு கலங்கிப்போவாள். பழுதைச் சொல்லும் சொல்லை, வரவு போதாமையைச் சொல்லப் பயன்படுத்துவானேன்? தண்ணீருக்கும் நிதிக்கும் நாம் தயங்காமல் சொல்லும் 'பற்றாக்குறை' இங்கே கச்சிதமாகப் பொருந்தும். தேவை பெரிது, வரவு சிறிது, யாருக்கு முதலில் கொடுப்பது என்ற சிக்கல் முழுவதும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. இரும்புப் பற்றாக்குறை என்றே எழுதுங்கள். அது முற்றிச் சோகையாகிவிட்டால், 'இரும்புப் பற்றாக்குறைச் சோகை'. நீளம்தான், ஆனால் பொய் இல்லை. எதிர்நிலைக்கு 'இரும்பு மிகை' போதும்.

'முதிர்ச்சியற்ற குழந்தை' என்று ஒன்று புறப்பட்டிருக்கிறது, அதையும் விட்டுவைக்க மனமில்லை. வளர்ந்த மனிதரைத் திட்டுவதற்கு வைத்திருக்கும் அடைமொழியைத் தொட்டிலில் கிடக்கும் சிசுவுக்குச் சூட்டுகிறார்கள். 'குறைமாதம்' என்ற சொல் வழக்கில் இருக்கும்போது இது எதற்கு? இரும்பு விஷயத்தில் குறைமாதம் காரணத்தையே சொல்லிவிடுகிறது. நிறைமாதக் குழந்தையின் உடலில் கிலோ எடைக்கு ஏறத்தாழ 75 மில்லிகிராம் இரும்பு இருக்கும். அதன் பெரும்பகுதி கடைசி 3 மாதங்களில்தான் தாயிடமிருந்து வந்து சேர்கிறது. அந்த மாதங்கள் குறைந்தால் இரும்பும் குறையும். பிறந்த பின் பரிசோதனைகளுக்காக எடுக்கப்படும் இரத்தத்தோடு இன்னும் கொஞ்சம் போகும். நஞ்சில் இருக்கும் இரத்தமும் குழந்தைக்குச் சேரட்டும் என்று தொப்புள்கொடியை உடனே கவ்வியிட்டு அறுக்காமல் சற்றுப் பொறுப்பதும், மிகக் குறைந்த எடையுடன் பிறந்த குழந்தைகளுக்கு நாளொன்றுக்குக் கிலோ எடைக்கு 2 முதல் 4 மில்லிகிராம் இரும்பு கொடுப்பதும் இதனால்தான். அளவை மருத்துவர் முடிவு செய்வார். இரத்தம் ஏற்றப்பட்ட குழந்தைக்குக் கணக்கு வேறு.

ஃபெரிட்டினுக்கு மட்டும் தமிழ்ச்சொல் கேட்காதீர்கள். இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம் என்று ஒருமுறை விளக்கிவிட்டு, பிறகு ஃபெரிட்டின் என்றே எழுதலாம். பரிசோதனை அறிக்கையில் பெற்றோர் பார்க்கப்போவதும் அந்தப் பெயரைத்தான்.