ஸ்கேன் எடுத்தவரைத் திண்ணையில் படுக்க வைக்காதீர்கள்

புதுச்சேரியில் அணு மருத்துவப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கடலூர் முதுநகரிலிருந்து எலும்பு ஸ்கேனுக்கு வந்துபோன ஒரு பாட்டியை, வீட்டில் ஒரு வாரம் திண்ணையில் படுக்க வைத்துத் தனித் தட்டில் சோறு போட்டிருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளைக் கிட்டவே விடவில்லை. தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் சாப்பிட்ட இன்னொருவரோ, வீடு திரும்பிய அன்றே கைக்குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சியிருக்கிறார்.

என்ன மருந்து கொடுத்தார்கள் என்று இரண்டு வீட்டாரும் கேட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது. பாட்டிக்கு ஊசியில் போட்டது டெக்னீசியம்-99எம். 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் கதிரியக்கம் பாதியாகும். மறுநாள் அதே நேரத்தில் 16இல் 1 பங்குதான் மிச்சம். சிறுநீரில் வெளியேறுவது தனி. அன்றைக்கு நிறையத் தண்ணீர் குடித்து, குழந்தைகள், கர்ப்பிணிகள் பக்கத்தில் நெடுநேரம் உட்காராமல் இருந்தால் போதும்.

இன்னொருவர் சாப்பிட்ட அயோடின்-131 பாதியாக 8 நாள் ஆகும். அதன் பீட்டா கதிர்தான் தைராய்டு செல்லை அழிக்கிறது. கூடவே வரும் காமா கதிர் உடலைத் தாண்டிப் பக்கத்தில் இருப்பவர்மீதும் படும். அதனால்தான் 30 மில்லிகியூரிக்கு (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) மேல் கொடுத்தால் தனி அறையில் வைக்கிறோம். வீட்டுக்குப் போன பிறகும் மருத்துவர் சொன்ன நாள்வரை தனிப் படுக்கை. கழிவறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றுங்கள். தாய்ப்பாலை முன்கூட்டியே அடியோடு நிறுத்திவிட வேண்டும். பெண்கள் குறைந்தது 6 மாதம் கருத்தரிக்கக் கூடாது.

கோபால்ட் மெஷினில் வெளியிலிருந்து கதிர் வைத்துக்கொண்டு வருபவரிடம் எதுவும் தங்குவதில்லை. தாராளமாகக் கட்டிப்பிடியுங்கள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பெரிய சோதனை, அயோடின் சிகிச்சைக்கு முந்தைய பத்தியம். வஞ்சிரம், இறால், கருவாடு எதுவும் கூடாது. உணவிலிருந்து ஏற்கெனவே அயோடின் நிறைந்திருந்தால், நாங்கள் கொடுப்பதைத் தைராய்டு செல் சரியாக எடுக்காது. கல் உப்பில் அயோடின் இருக்காது என்று நம்பிவிடாதீர்கள். அதிலும் கலந்து விற்கிறார்கள், பாக்கெட்டைப் படித்துப் பாருங்கள். சமீபத்தில் சாய ஊசி போட்டு சிடி ஸ்கேன் எடுத்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அந்தச் சாயத்திலும் அயோடின் உண்டு. கதிரியக்க அயோடினை வாங்கி அலமாரியில் வைக்க முடியாது, நாளுக்கு நாள் குறையும். உங்களுக்கென்று வரவழைத்தது, தேதி தவறினால் வீண்தான்.

பிரான்சில் உறவுக்காரர்கள் இருப்பவர்கள் இங்கே நிறைய. அயோடின் சாப்பிட்ட சில வாரங்களுக்கு விமான நிலையக் கதிர்க்கருவி உங்களைக் காட்டிக்கொடுக்கலாம். மருந்தின் பெயர், அளவு, தேதி எழுதிய மருத்துவர் கடிதத்தைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.