எரர் கோட்: பிழையா, பழுதா?

வேலூரில் ஒருவர் 'ஸ்கேன் எடுத்தாச்சா?' என்று கேட்டால், அது உடம்புக்கா வண்டிக்கா என்பதை நிற்கிற இடத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சி.எம்.சி. ஆஸ்பத்திரி வாசல் என்றால் உடம்பு, சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் ஒரு பட்டறை வாசல் என்றால் வண்டி.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் பி0303 (மூன்றாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை, கடைசி எண் சிலிண்டரைக் குறிக்கும்) என்பது போல ஒன்று திரையில் வரும், அதைத்தான் நாம் எல்லோரும் எரர் கோட் என்கிறோம். தமிழில் எழுதுகிறவர்கள் அதைப் 'பிழைக் குறியீடு' என்று மாற்றிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

அதன் முறையான பெயர் டயக்னாஸ்டிக் டிரபிள் கோட். இதில் டிரபிள் என்ற சொல்லின் வேர் லத்தீனில் 'கலங்கிய' என்று பொருள்படும் 'டர்பிடஸ்'. பாலாற்றில் புதுவெள்ளம் வந்தால் தண்ணீர் எப்படி இருக்கும், அந்தக் கலங்கல்தான். டயக்னாஸ்டிக் கிரேக்கச் சொல், பிரித்தறிவது. கோட் மரத்தண்டிலிருந்து வந்தது: மரப்பலகையில் எழுதி, பலகைகளைக் கட்டி நூலாக்கி, அது சட்டத் தொகுப்பாகி, கடைசியில் சங்கேத எழுத்தானது. மூன்றையும் சேர்த்தால், கலங்கியிருப்பதைப் பிரித்தறிய உதவும் ஓர் அடையாளம், அவ்வளவுதான். 'இந்தப் பார்ட் போய்விட்டது' என்று அந்தப் பெயர் எங்கேயும் சொல்லவில்லை.

இதைப் புரிந்துகொள்ள நான் பணம் கொடுத்தேன். காட்பாடி மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி உதறியது, மஞ்சள் செக் லைட் விட்டுவிட்டு மின்னியது. (மின்னினால் ஓரம் கட்டி நிறுத்திவிடுங்கள், எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும்.) முதலில் போன இடத்தில் பி0303 என்று பார்த்ததும் மூன்றாவது சிலிண்டருக்கு, ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலைப் புதிதாகப் போட்டார்கள். மறுநாளே அதே உதறல்.

அப்புறம் பார்த்த மெக்கானிக் புதிதாக எதையும் வாங்கவில்லை. மூன்றாவது காயிலை இரண்டாவதுக்கு மாற்றிப் போட்டு, ஸ்கேனரில் அந்த எரர் கோட்-ஐ அழித்து, ஒரு சுற்று ஓட்டினார். திரும்பவும் 0303. "காயில் மேல தப்பு இல்ல சார்" என்றார். அடுத்து பிளக்கை அதேபோல் இடம் மாற்றினார், இப்போது 0302 வந்தது. பிளக்கோடு எரர் கோட்-உம் இடம் பெயர்ந்துவிட்டது! கழற்றிப் பார்த்தால் பிளக்கின் பீங்கானில் மயிரிழை விரிசல்.

பி0171 இன்னும் மோசம். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது அதன் பொருள், ஆனால் அதைப் பார்த்ததும் பலர் புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுகிறார்கள். சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கும், எங்கள் ஊர் வெயிலில் வெடித்த வாக்குவம் ஹோஸ் (இன்ஜினோடு சேர்ந்த ரப்பர் குழாய்) வெளிக்காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

சரி, தமிழுக்கு வருவோம். பழுது பழைய சொல், தொல்காப்பிய உரியியலிலேயே 'பழுது பயமின்றே' என்று வருகிறது, பயன் தராமல் போவது என்று பொருள். குறி என்பது நோய்க்குறியில் வரும் குறி. இரண்டையும் சேர்த்துப் பழுதுக்குறி என்றால், இது நோய் அல்ல, நோயின் அடையாளம் என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும்.

அப்படியானால் பிழையை எங்கே வைப்பது? பிழைத்தல் என்றால் குறி தவறுதல் என்றும் பொருள், 'யானை பிழைத்த வேல்' என்கிறது குறள். பட்டறையில் 'மிஸ்ஸிங் அடிக்குது' என்று சொல்கிறோமே, அந்த மிஸ்ஃபயருக்குத்தான் இது கச்சிதமாகப் பொருந்துகிறது. பொறிபிழை என்று முதலில் நினைத்தேன், ஆனால் பிளக்கின் தீப்பொறி நன்றாக இருந்து, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் அடைத்தாலும், சிலிண்டருக்குள் அழுத்தம் (கம்ப்ரஷன்) இறங்கினாலும் அதே 0303 வரும், பொறி என்றால் பழி பிளக் மேலேயே விழும். அதனால் எரிபிழை.

ஆக, மூன்றாவது சிலிண்டரில் எரிபிழை, பழுதுக்குறி பி0303 என்று எழுதுவேன். சிலிண்டரை உருளை ஆக்கவேண்டும் என்று நான் கேட்கமாட்டேன், அது சிலிண்டராகவே இருக்கட்டும்.