டெஸ்டர் தோற்றது மறுதேர்தலில் அல்ல

2024 நவம்பரில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துச் செனட்டர் ஜான் டெஸ்டர் தோற்றபோது, "மறுதேர்தலில் டெஸ்டர் தோல்வி" என்று ஒரு தமிழ்ச் செய்தியில் படித்தேன். பல ஆண்டுகள் தேர்தல் பணிக்குப் போன ஆசிரியரான என் சித்தப்பா அதைப் படித்துவிட்டு, "முதல் தேர்தலை எதற்காக ரத்து செய்தார்கள்?" என்று கேட்டார். அவர் சரியாகத்தான் படித்தார். எழுதியவர்தான் தவறாக எழுதியிருக்கிறார்.

எந்தத் தேர்தலும் ரத்தாகவில்லை. பிக் சாண்டி என்ற சிற்றூர்ப் பக்கம் தாத்தா காலத்து நிலத்தில் உழவு செய்யும் டெஸ்டர், 2006, 2012, 2018 என மூன்று முறை வென்றவர். ஆறாண்டுப் பதவிக்காலம் முடியவிருந்ததால் நான்காம் முறையாக நின்றார். எதிர்த்து நின்ற டிம் ஷீஹியிடம் தோற்றார். ஆங்கிலச் செய்திகளில் இதற்கு வழங்கும் 'ரீஎலெக்‌ஷன்' என்ற சொல்லைத்தான் 'மறுதேர்தல்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்திருக்கிறார்கள்.

ஆங்கிலத்தின் 'எலெக்‌ஷன்', பொறுக்கியெடுத்தல் என்ற பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்தது. நம் 'தேர்தல்' தேர் என்னும் வினையடியில் பிறந்தது; ஆராய்தல், ஆராய்ந்து தெரிந்தெடுத்தல் என்று பொருள். "தேறற்க யாரையும் தேராது" என்கிறது குறள். ஆனால் இன்று 'தேர்தல்' என்றால் வேட்புமனு முதல் வாக்கு எண்ணிக்கை வரை நடக்கும் நிகழ்ச்சி முழுவதற்கும் பெயர். 'ரீஎலெக்‌ஷன்' என்பதிலோ 'மீண்டும்' என்ற பொருள் ஆளைச் சேர்கிறது: பதவியில் இருப்பவரையே மக்கள் மீண்டும் தேர்ந்தெடுப்பது. அதை 'மறுதேர்தல்' ஆக்கினால், 'மறு' ஆளை விட்டுவிட்டு நிகழ்ச்சியைப் பற்றிக்கொள்கிறது.

மறுமணம், மறுபதிப்பு என்று சொல்கிறோமே, அவற்றில் முதலாவது செல்லாது என்ற பொருள் இல்லையே என்று இச்சொல்லுக்காக வாதாடுவார்கள். உண்மைதான். ஆனால் ஒரு முடிவைச் சொல்லும் செயலோடு 'மறு' சேரும்போது, முந்தைய முடிவு நிற்காது அல்லது ஐயத்துக்குரியது என்ற பொருள் தானாக வந்துவிடுகிறது. வினாத்தாள் வெளியானால் மறுதேர்வு. மதிப்பெண்ணில் ஐயம் வந்தால் மறுகூட்டல். வாக்குச்சாவடியில் முறைகேடு நடந்தால் மறுவாக்குப்பதிவு. இந்த வரிசையில் மறுதேர்தலைப் படிக்கும் தமிழர் வேறு எப்படிப் புரிந்துகொள்வார்?

உண்மையான மறுதேர்தல் அமெரிக்கச் செனட்டுக்கே நடந்திருக்கிறது. 1974இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் லூயிஸ் வைமனுக்கும் ஜான் டர்கினுக்கும் நடந்த போட்டியில், எண்ண எண்ண முடிவு மாறியது. கடைசி எண்ணிக்கையில் வித்தியாசம் இரண்டே வாக்குகள். செனட்டும் மாதக்கணக்கில் விவாதித்து முடிவுக்கு வர முடியாமல், இடம் காலி என்று அறிவித்தது. 1975 செப்டம்பரில் மீண்டும் வாக்குப்பதிவு நடந்து டர்கின் வென்றார். டெஸ்டருக்கு இந்தச் சொல்லைச் செலவழித்துவிட்டால், டர்கின் வென்றதை எந்தச் சொல்லால் எழுதுவது?

பெயர்ச்சொல்தான் வேண்டுமென்றால் 'மீள்தெரிவு' என்று எழுதலாம். இலங்கைத் தமிழில் 'தெரிவு செய்யப்பட்டார்' என்பது அன்றாட வழக்கு. அங்கே தெரிவு ஆளைத்தான் சேர்கிறது. ஆனால் பெயர்ச்சொல்லுக்குப் பெயர்ச்சொல் வைத்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு எதற்கு? தமிழ் வினையால் பேசும் மொழி. "நான்காம் முறையாகப் போட்டியிட்ட டெஸ்டர் தோல்வி" என்று எழுதினால் யாருக்கு என்ன குறை?

அதே செய்தியில் அவரை 'ஆளும் செனட்டர்' என்றும் எழுதியிருந்தார்கள். 'இன்கம்பென்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் அப்படிப் பெயர்த்திருக்கிறார்கள். அதில் ஆட்சி எங்கே இருக்கிறது? மேலே சாய்ந்திருத்தல் என்ற பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்து, முதலில் திருச்சபைப் பதவியை வகிப்பவரைக் குறித்த சொல் அது. 2018இல் டெஸ்டர் மூன்றாம் முறை வென்றபோது வெள்ளை மாளிகையும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் குடியரசுக் கட்சியின் கையில் இருந்தன. அவரோ ஜனநாயகக் கட்சிக்காரர். அன்று அவர் எதை ஆண்டார்? 'பதவியிலிருக்கும் செனட்டர்' என்று எழுதுங்கள், போதும்.