முழங்கையின் உட்புற நார்: பேஸ்போல் வீச்சாளர்களின் காயமும் சிகிச்சையும்

முழங்கையைச் சற்று மடித்து, மற்றக் கையின் விரலால் அதன் உட்புறத்தைத் தடவிப் பார்த்தால், உடலை ஒட்டிய பக்கத்தில் குமிழாக ஓர் எலும்பு தட்டுப்படும். அது மேற்கையின் எலும்பாகிய புயவென்பின் கீழ்முனை. அந்தக் குமிழின் அடியிலிருந்து, முன்கை எலும்புகளில் ஒன்றான அரந்தியின் மேல்முனை வரை, ஏறத்தாழ 27 மில்லிமீற்றர் நீளமும் 5 மில்லிமீற்றர் அகலமும் மட்டுமே கொண்ட ஒரு நார் ஓடுகிறது. எலும்பை எலும்போடு பிணைக்கும் இத்தகைய இணைப்புநாரை வைத்தியர்கள் லிகமென்ட் என்பார்கள். மூட்டு உட்பக்கமாகத் திறந்துகொள்ளாமல் தடுப்பதே இதன் வேலை. வாளி தூக்குபவருக்கோ, துவிச்சக்கர வண்டி ஓட்டுபவருக்கோ, எழுதுபவருக்கோ இந்த நார் அறுந்திருப்பது பெரும்பாலும் தெரியவே வராது. ஆனால் பேஸ்போல் வீச்சாளரின் தொழில் முழுவதும் இதை நம்பியே நிற்கிறது.

திருகோணமலையில் பேஸ்போல் யாருக்கும் பழகிய ஆட்டமன்று. மெக்கெய்சர் மைதானத்துப் பக்கம் போனால் உதைபந்தாட்டத்தையும் கிரிக்கெட்டையும்தான் எதிர்பார்ப்போம். பாடசாலைகளில் எல்லே என்னும் மட்டைப் பந்தாட்டமும் உண்டு. ஆயினும் எல்லைக்கோட்டில் பந்தைப் பொறுக்கி, விக்கெட் காப்பாளரின் கைக்கு நேராக எறியும் களத்தடுப்பாளரின் முழங்கை செய்வதும், அமெரிக்க வீச்சாளரின் முழங்கை செய்வதும் ஒரே அசைவுதான். அதனால் அங்கே ஆராய்ந்து அறியப்பட்டவை இங்கேயும் பொருந்தும்.

வீச்சின்போது என்ன நடக்கிறது? வீச்சாளர் முன்காலை ஊன்றும்போது அவருடைய உடல் முன்னோக்கித் திரும்பத் தொடங்கிவிடுகிறது. கையோ இன்னும் பின்னால் இருக்கிறது. முழங்கை ஏறக்குறையச் செங்கோணத்தில் மடிந்திருக்க, முன்கை பின்புறமாகச் சாய்ந்து, உள்ளங்கை வானத்தைப் பார்க்கும் அளவுக்குத் தோள் பின்னோக்கிச் சுழல்கிறது. அந்தக் கணத்தில் தோள் திசைமாறி முன்னோக்கிச் சுழலத் தொடங்குகிறது. அதன் உச்ச வேகம் செக்கனுக்கு 7,000 பாகைக்கும் மேல், அதாவது அதே வேகத்தில் தொடர்ந்தால் ஒரு செக்கனில் ஏறத்தாழ இருபது முழுச் சுற்றுகள். மேற்கை முன்னே பாய, முன்கையும் பந்தும் பின்னே தங்க, இரண்டுக்கும் நடுவே முழங்கையின் உட்புறம் பிளக்கப் பார்க்கிறது. கால் ஊன்றியதிலிருந்து பந்து கையை விட்டுப் போகும்வரை எல்லாமாக ஏழில் ஒரு செக்கன்தான் செல்கிறது.

இந்தப் பிளக்கும் விசையைத் தொழில்முறை வீச்சாளர்களிடம் அளந்தபோது, முழங்கையில் 64 நியூட்டன் மீற்றர் அளவுக்கு முறுக்கம் ஏற்படுவது தெரியவந்தது. கையில் சுமார் 18 கிலோகிராம் எடையைக் கட்டி, முழங்கையைப் பக்கவாட்டில் விரிக்கும்படி தொங்கவிட்டால் எவ்வளவோ, அவ்வளவு. இறந்தவர்களின் கைகளில் இந்த நாரைத் தனியே சோதித்தபோதோ, அது 32 முதல் 34 நியூட்டன் மீற்றர் அளவிலேயே அறுந்தது. கணக்கின்படி பார்த்தால் ஒவ்வொரு முழுவேக வீச்சிலும் நார் அறுந்திருக்க வேண்டும்.

அறாமல் காப்பவை தசைகள். விரல்களையும் மணிக்கட்டையும் மடக்கும் தசைகளும், உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பும் தசையும் அதே எலும்புக் குமிழிலிருந்துதான் புறப்படுகின்றன. வீச்சின்போது அவை இறுகி, மூட்டின் உட்புறத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கின்றன. எலும்புகளின் பொருத்தமும் ஒரு பங்கைத் தாங்குகிறது. இந்தக் காயத்தைப் பற்றிய மற்ற எல்லாம் இந்த ஒரு விடயத்திலிருந்தே பிறப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தசை களைத்தால் அதன் பங்கும் நாரின் மேல் விழுகிறது. அமெரிக்க இளம் வீச்சாளர்களிடம் நடத்தப்பட்டு 2006 இல் வெளியான ஓர் ஆய்வில், களைத்த கையோடு அடிக்கடி வீசியவர்களுக்குச் சத்திரசிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு 36 மடங்காக இருந்தது. வீச்சுவேகத்தையோ, காற்றில் வளைந்து செல்லும்படி சுழற்றி வீசும் வளைபந்தையோ விடவும் பெரிய குற்றவாளி களைப்புத்தான்.

நார் பெரும்பாலும் ஒரே வீச்சில் அறுவதில்லை. துறைமுகத்தில் கப்பலைக் கட்டும் வடம், வெளியே முழுதாகத் தெரிந்தாலும் உள்ளே புரி புரியாக அறுந்து, ஒருநாள் அலையில் விட்டுவிடுவதைப் போலவே இதுவும். பல மாதங்களாக உட்புறத்தில் மெல்லிய வலி இருக்கும், வேகம் குறையும், பந்து குறி தவறும். கடைசியில் ஏதோ ஒரு வீச்சில் 'டப்' என்ற ஓசையை வீரர் உணர்வார். நாரை ஒட்டிச் செல்லும் அல்நார் நரம்பும் இழுபடுவதால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் விறைப்பதுண்டு. சாதாரண எக்ஸ்ரேயில் நார் தெரியாது, எம்.ஆர்.ஐ படமே கிழிவின் இடத்தையும் அளவையும் காட்டும்.

கிழிவு பகுதியளவானது என்றால் முதலில் சத்திரசிகிச்சையைப் பற்றிப் பேசுவதில்லை. சில வாரங்கள், சிலருக்கு மூன்று மாதங்கள் வரை எறியாமல் ஓய்வு, முன்கைத் தசைகளையும் தோளையும் வலுப்படுத்தும் பயிற்சி, பின்னர் குறுகிய தூரத்திலிருந்து மெல்ல மெல்ல எறியத் தொடங்குதல் என்பதே வழி. நோயாளியின் இரத்தத்திலிருந்து பிரித்த குருதிச் சிறுதட்டுகளை ஊசி மூலம் ஏற்றும் முறையும் உண்டு. அதன் பலன் குறித்து ஆய்வுகள் ஒருமித்துப் பேசவில்லை.

முழுதாக அறுந்த நாருக்கு 1974 வரை மருந்தே இல்லை. வீச்சாளரின் ஆட்டம் அத்துடன் முடிந்துவிடும். அந்த ஆண்டு ஜூலையில் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் அணியின் இடக்கை வீச்சாளர் டொமி ஜோனின் நார் அறுந்தது. செப்ரெம்பர் 25 அன்று வைத்தியர் பிராங்க் ஜோப், அவருடைய வலது மணிக்கட்டிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, புயவென்பிலும் அரந்தியிலும் துளைகள் இட்டு, அவற்றினூடே எட்டு வடிவில் கோத்துப் புதிய நாரை அமைத்தார். நரம்பு பாதிக்கப்பட்டுக் கை சூம்பத் தொடங்கியதால் இரண்டாவது சத்திரசிகிச்சையும் தேவைப்பட்டது. 1976 இல் களத்துக்குத் திரும்பிய ஜோன் 1989 வரை ஆடினார்; தம் 288 வெற்றிகளில் 164ஐ அதன் பின்னரே பெற்றார். இன்று அந்தச் சத்திரசிகிச்சை அவருடைய பெயராலேயே அறியப்படுகிறது. இவ்வளவு புகழில் ஒரு பங்காவது ஜோப்பின் பெயருக்குச் சேர்ந்திருக்கலாம்.

எடுக்கப்பட்ட தசைநாணை வாசகர் தம் கையிலேயே பார்க்கலாம். பெருவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்து, மணிக்கட்டைச் சற்று உள்ளே மடித்தால், மணிக்கட்டின் நடுவே ஒரு கயிறு புடைத்து நிற்கும். சிலருக்கு அது பிறவியிலேயே இராது. இருப்பவர்களுக்கும் அதை எடுத்துவிட்டால் கையின் பலம் குறிப்பிடும்படியாகக் குறைவதில்லை. இல்லாதவர்களுக்குத் தொடையின் உட்பக்கத்திலிருந்து ஒரு தசைநாணை எடுப்பார்கள்.

தைத்து முடிக்க ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் போதும்; திரும்பவும் போட்டியில் வீச 12 முதல் 18 மாதங்கள் ஆகின்றன. அந்தக் காலம் வைத்தியரின் கையில் இல்லை. ஒட்டப்பட்ட தசைநாணில் இருந்த உயிரணுக்கள் முதலில் இறக்கின்றன. சுற்றியுள்ள இழையத்திலிருந்து புதிய இரத்தக்குழாய்களும் உயிரணுக்களும் உட்புகுகின்றன. கொலாஜன் என்னும் புரத இழைகள் பழையன கழிந்து, இழுவிசையின் திசையில் புதிதாக அடுக்கப்படுகின்றன. தசையை எலும்போடு இணைத்த பொருள், எலும்பை எலும்போடு இணைக்கும் பொருளாக இப்படித்தான் மாறுகிறது. இடையில் அவசரப்பட்டால், உறுதி குறைந்திருக்கும் வேளையில் நார் மீண்டும் விட்டுவிடும். நார் முனையில் மட்டும் பிய்ந்து, மிச்சம் நலமாக இருப்பவர்களுக்கு, அதையே எலும்பில் திரும்பப் பொருத்தி, மேலே உறுதியான நாடாவொன்றைத் துணையாக வைத்துத் தைக்கும் முறை 2013 முதல் கையாளப்படுகிறது. அதில் காத்திருப்பு ஏறக்குறையப் பாதியாகிறது.

சத்திரசிகிச்சை செய்தால் முன்னைவிட வேகமாக வீசலாம் என்று அமெரிக்கப் பெற்றோர் சிலர் நம்புகிறார்கள். அளவீடுகள் அதை ஆதரிக்கவில்லை. புதிய நாரும் தேயக்கூடியதே. ஜப்பானிய பேஸ்போல் வீரர் ஷோஹெய் ஒஹ்தானி 2018 இல் முழங்கைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு, 2023 இல் அதே முழங்கைக்காக மீண்டும் மேசையில் படுத்தார்.

கிரிக்கெட் பந்துவீச்சாளருக்கு இந்தக் காயம் அரிது என்பதற்கு விதியே காரணம். வீசும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நீளக்கூடாது என்ற எல்லை, முரளிதரனைச் சுற்றி எழுந்த விவாதங்களின் வழியே நம் எல்லோருக்கும் பரிச்சயமானது. மடிந்து நீளாத முழங்கையில் அந்தப் பிளவுவிசை எழுவது குறைவு. வேகப்பந்து வீச்சாளர் அதற்கான விலையைக் கீழ்முதுகில் கொடுக்கிறார். ஆனால் களத்தடுப்பாளரின் எறிதலுக்கு அப்படியான எல்லை கிடையாது. பேஸ்போல் 142 முதல் 149 கிராம் எடையுள்ளது. கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம். ஈட்டி எறிபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. இந்தக் காயம் 1946 இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டதே ஈட்டி எறிபவர்களிடம்தான். நம் பயிற்றுநர்கள் ஒரு பையன் எத்தனை ஓவர் வீசினான் என்று கணக்கு வைக்கிறார்கள். அதன்பின் களத்தடுப்புப் பயிற்சியில் எல்லையிலிருந்து எத்தனை முறை எறிந்தான் என்று எண்ணுவதில்லை. அமெரிக்காவில் 11, 12 வயதினருக்கு ஒரு நாளில் 85 வீச்சுகளே உச்சம் என்று வழிகாட்டுகிறார்கள்.

இந்த வயதில் அறுவது நார் அன்று. எலும்புக் குமிழுக்கும் அதன் தண்டுக்கும் இடையிலுள்ள வளர்தட்டு ஏறத்தாழ 15 முதல் 17 வயது வரை மூடாமல் இருக்கிறது; நாரைவிட அதுவே பலவீனமானது என்பதால் அதுதான் முதலில் விலகுகிறது. எறிந்த பின் உட்புறக் குமிழை அழுத்தினால் நோகிறது என்று பிள்ளை சொன்னால், எண்ணெய் தேய்த்து மறுநாள் மைதானத்துக்கு அனுப்பாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இரண்டு முழங்கைகளையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டால் தட்டின் விலகல் தெரிந்துவிடும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் சில வாரங்கள் எறியாமல் இருப்பதே போதுமான சிகிச்சை.