கால் ஆணி என்று நினைத்த கறுப்பு

நான் நோய்க்கூறியல் மருத்துவர். நோயாளியின் முகத்தைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. ஃபார்மலின் பாட்டிலில் வரும் சதைத் துண்டுதான் எனக்கு அறிமுகம். சில மாதங்களுக்கு முன் அப்படி வந்தது ஒரு குதிகால் தோல். ஐம்பதைக் கடந்த விவசாயி. கறுத்துத் தடித்ததைக் கால் ஆணி என்று நினைத்து ஒரு வருடம் கார்ன் கேப் ஒட்டியிருக்கிறார். நடுவில் ஒரு கிளினிக்கில் சீவி எடுத்தார்களாம். சீவியது பரிசோதனைக்கு வரவில்லை, குப்பைக்குப் போய்விட்டது. மறுபடி வளர்ந்த பிறகே எங்கள் லேபுக்கு வந்தது. அளந்தால் ஆழம் 4 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது. இது மெலனோமா, நிறமி செல்களில் தொடங்கும் தோல் புற்றுநோய். 1 மில்லிமீட்டருக்குள் பிடிபடும் மெலனோமாவுக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

உறுதிசெய்ய சாக்ஸ்10 என்ற புரதத்துக்குச் சாயம் போட்டோம். வழக்கமான பழுப்புச் சாயம் இங்கே உதவாது. தோலின் நிறமியான மெலனினே பழுப்புதான், எது சாயம், எது நிறமி என்று குழம்பும். அதனால் சிவப்பு. மைக்ராஸ்கோப்பில் உட்கரு உட்கருவாகச் சிவந்து தெரிந்தது.

சாக்ஸ்10, அதன் கூட்டாளி எம்ஐடிஎஃப், இரண்டுமே படியெடுப்புக் காரணிகள். எந்த மரபணுவைப் படிக்க வேண்டுமோ அதற்கான இடத்தை டிஎன்ஏவில் தேடிப்போய் உட்காரும் புரதங்கள். நம் தோலில் நிறமி செல்கள் உருவாவதும் நிறம் தருவதும் இவற்றால்தான். சாதாரண மச்சத்திலும் இந்தச் சிவப்பு ஏறும்; சாயத்தை மட்டும் வைத்து நான் யாருக்கும் புற்றுநோய் என்று எழுத மாட்டேன்.

இடத்தில் உட்கார்ந்தால் மட்டும் வேலை நடக்காது. ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றி டிஎன்ஏ இறுக்கமாகக் கிடக்கிறது. அதைத் தளர்த்த பி300, சிபிபி போன்ற துணை ஊக்கிப் புரதங்கள் வர வேண்டும். அவை ஹிஸ்டோனில் அசெட்டைல் என்ற சிறு வேதிக்குழுவை ஒட்டும், பிடி இளகும், படியெடுக்கும் நொதி வேலையைத் தொடங்கும். முகவரி தெரிந்தவரிடம் சாவி இல்லை. சாவி வைத்திருப்பவருக்கு முகவரி தெரியாது. காரணிதான் அவரைக் கூப்பிட வேண்டும்.

வெயிலில் நாம் கறுப்பதே இந்த அழைப்பால்தான். தோல் செல்கள் நிறமி செல்லைத் தூண்டும் எம்எஸ்எச் ஹார்மோனைச் சுரக்க, பக்கத்து நிறமி செல்லுக்குள் கிரெப் என்ற காரணியின் மேல் ஒரு பாஸ்பேட் ஏறும். அந்த பாஸ்பேட் இருந்தால்தான் சிபிபி வந்து பிடிக்கும் என்பது 1993இல் தெரிய வந்தது. அப்புறம் எம்ஐடிஎஃப் பெருகும், நிறம் கூடும். வெயில் போனால் அழைப்பும் ஓயும்.

மெலனோமாவில் அது ஓய்வதில்லை. மெலனோமா வந்த வெள்ளைத் தோலினரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, செல்லை வளரத் தூண்டும் பிராஃப் மரபணு பழுது. உள்ளங்கால் மெலனோமாவில் அது குறைவு. அங்கே சிலரிடம் கிட் என்ற இன்னொரு வளர்ச்சி மரபணு பழுதாகியிருக்கும். கிட்டின் சிக்னல் எம்ஐடிஎஃப் மேல் பாஸ்பேட்டை ஏற்றி பி300ஐ இழுத்துவரும். வேடிக்கை என்னவென்றால், எம்ஐடிஎஃபைத் தட்டியெழுப்பும் அதே சிக்னல் அதன் அழிவுக்கும் நாள் குறித்துவிடும். இன்னொரு சிக்கல்: எம்ஐடிஎஃப் மிகக் குறைந்துபோன மெலனோமா செல்கள்தான் ஊடுருவிப் பரவுவதிலும் மருந்துக்குத் தப்புவதிலும் கெட்டிக்காரர்கள். இதை ஒரே வில்லன் கதையாகச் சொல்ல எனக்கு மனம் வராததற்கு இதுவே காரணம்.

“பி300ஐயே மாத்திரையால் அடைத்துவிடலாமே?” என்று பயிற்சி மாணவர்கள் கேட்பார்கள். அது உடம்பின் எத்தனையோ செல்களில் வேறு வேலைகளும் பார்க்கிறது. இங்கே அடைத்தால் அங்கேயும் அடைபடும். கிட் பழுது இருந்தால், ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் இமாட்டினிப் சிலருக்கு வேலை செய்கிறது.

“வயல் வெயிலில் நின்றதாலா டாக்டர்?” என்று விவசாயியின் மகன் கேட்டார். இல்லை. உள்ளங்கால் வெயிலைப் பார்ப்பதே அபூர்வம். கறுத்த தோலுக்கு மெலனோமா வராது என்ற நம்பிக்கையால்தான் இது தாமதமாகிறது. பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் வந்தது இதுவே. 1981இல், 36 வயதில் இறந்தார்.

பல விரல் நகங்களில் மெல்லிய கறுப்புக் கோடுகள் இருப்பது நம்மவர்களுக்குச் சகஜம். ஒரே நகத்தில் மட்டும் கோடு அகலமாகிக்கொண்டே போனாலோ, கறுப்பு நகத்தைத் தாண்டிச் சதையில் ஏறினாலோ, உள்ளங்காலில் புள்ளி வளர்ந்தாலோ, தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். யாராவது சீவி எடுத்தால், “பயாப்ஸிக்கு அனுப்புகிறீர்களா?” என்று கேளுங்கள். 10% ஃபார்மலின் ஊற்றிய சின்னப் பாட்டில் போதும். நாங்கள் மெழுகு பிளாக்காக்கி வைத்தால் வருடக்கணக்கில் இருக்கும். அந்த விவசாயிக்குக் கிட் பரிசோதனை செய்ததும் அப்படி வைத்த பிளாக்கிலிருந்துதான்.